மரக்குடாவின் மூச்சு

வெய்க்கோ ஹெய்னோனனின் முகத்தை ஓடெட் லவாலி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவளுக்கு அவர் வெறும் குரல்தான். வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி மாதத்தில், டொராண்டோ அலுவலகத்திலிருந்து அவள் தொலைபேசியில் கூப்பிடுவாள். வடக்கே, அணைக்கட்டு ஊரான ஹெரன் லேண்டிங்கில், அவர் எடுப்பார். "ம்" என்பார். அதுதான் வணக்கம்.

பெரிய நிறுவனங்கள் வருடாவருடம் ஓர் அறிக்கை வெளியிடுகின்றன. காற்றில் எவ்வளவு கலந்தோம், எத்தனை பேருக்கு அடிபட்டது, எவ்வளவு தண்ணீர் எடுத்தோம் என்று தாங்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அறிக்கை. அதை வெளியாளாக நின்று பார்த்து, நம்பலாமா என்று சொல்வது ஓடெட்டின் வேலை. அணைக்கட்டு மின்நிறுவனம் அவளுடைய வாடிக்கையாளர்களில் ஒன்று. தேக்கிய நீருக்கு அடியில் மூழ்கிய காடு அழுகி மீத்தேன் வாயுவை விடும். அது எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். அளந்தவர் வெய்க்கோ.

எப்படி அளக்கிறீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பாள். அவர் ஒவ்வொரு வருடமும் அதையே சொல்வார். படகில் போவேன். வெள்ளை வாளியைத் தண்ணீர்மேல் கவிழ்த்து மிதக்கவிடுவேன். உள்ளே சேர்கிற வாயுவைக் குழாயில் இழுத்து அளப்பேன். அடுத்த இடத்துக்குப் போவேன். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் அவர் நிறுத்துகிற இடைவெளியில் ஒரு காப்பியைக் குடித்து முடித்துவிடலாம். ஓடெட்டுக்கு அந்த இடைவெளிகள் பிடித்திருந்தன. பேசுகிறவர்களால் நிறைந்த ஒரு வாழ்க்கையில், பேசாமல் இருக்கத் தெரிந்த ஒருவர்.

கடைசியில் அவள் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்பாள். "நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

இதற்கு எல்லோரும் இல்லை என்பார்கள். இல்லை என்பதற்காகவே கேட்கப்படும் கேள்வி அது. விமானத்தில் இருக்கைப் பட்டையைப் போடச் சொல்வதைப்போல.

வெய்க்கோ மட்டும் உடனே சொல்லமாட்டார். நீண்ட நேரம் அவருடைய மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம் சொல்வார்: "நீங்க கேட்ட இடங்களைப் பத்தி வேற எதுவும் இல்ல."

அவள் நன்றி சொல்லி வைத்துவிடுவாள். 'வேறு எதுவும் இல்லை' என்று பதிந்துகொள்வாள். எல்லாம் முடிந்ததும் அறிக்கையோடு அவளுடைய அலுவலகத்தின் வாக்கியமும் வெளிவரும்: 'இந்த அறிக்கையில் பெரும் தவறு இருப்பதாக நம்பும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை.' உண்மை என்று சொல்லும் வாக்கியமல்ல அது. பார்த்தோம், ஒன்றும் தென்படவில்லை என்று மட்டும் சொல்வது. இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை நிறுவனங்களுக்கு எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் வெய்க்கோ ஏரியில் மூழ்கி இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை, சொந்தப் படகு, மீன் பிடிக்கப் போனது. நிறுவனத்தின் மின்னஞ்சலில் அப்படித்தான் இருந்தது. வேலைநேரமல்ல என்பதால் அந்தச் சாவு அறிக்கையில் சேரவில்லை. விதிப்படி அது சரி. ஓடெட்டின் குழுவும் சரி என்றது.

அதன்பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யாரிடமாவது அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டு, அவர்கள் சட்டென்று இல்லை என்றதும், அவள் காதுக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள்.

*

இந்த வருடம் அவள் நேரிலேயே போனாள். இத்தனை காலம் கையெழுத்துப் போட்டுவந்த டெஸ்மண்ட் பிரீசன் ஓய்வுபெறப்போகிறார். இனி இந்த நிறுவனத்துக்குக் கையெழுத்து அவளுடையது. முதல் கையெழுத்துக்கு முன் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கோடையில் போவதுதான் வழக்கம். ஆனால் அறிக்கை மார்ச் முடிவதற்குள் வரவேண்டும். தெற்கே ஒரு பெரிய கணினி நிலையம், இந்த மின்சாரம் சுத்தமானது என்று எழுத்தில் பார்த்தபிறகுதான் அதை வாங்க ஒப்பந்தம் போடும். அந்த ஒப்பந்தத்தை நம்பி ஹெரன் லேண்டிங்கில் ஒரு பள்ளிக்கூடமே கூரை மாற்றக் காத்திருந்தது.

சின்ன விமானநிலையத்தில் டேரல் கோஸ்டியுக் காத்திருந்தான். நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மேலாளர். பருத்த, சிவந்த மனிதன். தொப்பியின் காதுமடல்கள் இரண்டும் இரண்டு திசையில் நின்றன.

"வாங்க, வாங்க. குளிருதா?"

"கொஞ்சம்."

"இது குளிர் இல்ல. இது இங்க வசந்தம். நேத்து எங்க எதிர்வீட்டுக்காரன் அரைக்கால் சட்டையோட பனி தள்ளிட்டிருந்தான். அவன் பொண்டாட்டி பாத்துட்டு அவனையும் சேத்துத் தள்ளச் சொன்னா."

வண்டியில் போகும்போது முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். அணையின் வாயிலில் ஒரு பலகை இருந்தது. யாருக்கும் அடிபடாமல் வேலை நடந்த நாட்களின் எண்ணிக்கை அதில் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது. அதைத் தாண்டும்போது மட்டும் அவன் பேச்சை நிறுத்தினான். ஓடெட் கவனித்தாள். தாண்டியதும் மறுபடி பேசினான்.

அலுவலகச் சுவரில் ஏரியின் படம். நீல நிறத்தில் ஒரு பெரிய கை விரித்ததுபோல. அளக்கிற இடங்கள் சிவப்புக் குண்டூசிகளாக உள்ளங்கையில் குத்தியிருந்தன. கிழக்குப் பக்கம் ஒரு விரல் மட்டும் கோடு போட்டு அடைக்கப்பட்டிருந்தது.

"இது என்ன இடம்?"

"மரக்குடா. அங்க காட்டை வெட்டாமலே தண்ணிய விட்டுட்டாங்க, அந்தக் காலத்துல. மரமெல்லாம் தண்ணிக்குள்ள நின்னபடியே இருக்கு. அங்க படகு போகக்கூடாது. பாதுகாப்பு விதி."

"யார் போட்ட விதி?"

"நான்தான்." அவன் தொப்பியைக் கழற்றி, பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டான். "காப்பி வேணுமா? மோசமா இருக்கும், ஆனா சூடா இருக்கும்."

ஓடெட் குண்டூசிகளைப் பார்த்தாள். ஏழு வருடமாக அந்த இடங்களின் எண்களைச் சரிபார்த்திருக்கிறாள். ஒவ்வொரு எண்ணும் எந்த வாளியிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்திருக்கிறாள். எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனால் அவள் எப்போதும் இருக்கிற குண்டூசிகளிலிருந்துதான் புறப்பட்டாள். குண்டூசி இல்லாத இடத்திலிருந்து புறப்பட ஒரு வழி அவள் தொழிலில் இல்லை.

"விதிக்கு முன்னாடி அங்க அளந்தாங்களா?"

"எப்பவும் இல்ல. ஆழமான பக்கம்தான் படகுக்கு வசதி. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்."

ஆழத்தில் குமிழி மேலே வருவதற்குள் தண்ணீரிலேயே கரைந்துபோகும். ஆழமில்லாத இடத்தில் முழுசாக வெளியே வரும். இது ஓடெட்டுக்குத் தெரியும். டேரலுக்கும் தெரியும் என்று அவன் காப்பியைக் கலக்கிய விதத்தில் தெரிந்தது.

*

ஊரில் ஒரே ஒரு தங்கும் விடுதி. சாயங்காலம் சாப்பாட்டுக்கூடத்தில் நாலைந்து லாரிக்காரர்கள் தொலைக்காட்சியில் ஹாக்கி பார்த்தபடி இருந்தார்கள். பொரித்த பிக்கரெல் மீனும் பேனக் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தவள் அறுபது வயதுப் பெண். நரைத்த பின்னல், முழங்கைவரை மடித்த சட்டை.

"தண்ணியா, பீரா?"

"தண்ணி போதும். நன்றி."

அந்தப் பெண் போகவில்லை. தட்டைப் பிடித்த கை மேசைமேலேயே இருந்தது.

"இன்னொருவாட்டி சொல்லு."

"என்ன?"

"ஏதாவது. என்ன வேணா சொல்லு."

"மீன் நல்லா இருக்குன்னு நினைக்கிறேன்," என்றாள் ஓடெட், குழம்பிப்போய்.

"இன்னும் சாப்பிடவே இல்ல, அதுக்குள்ள பாராட்டு." அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நீதான் அந்தக் குரல். வருஷா வருஷம் எங்க சமையலறை மேசைமேல பேசுவ. அவர் காது மந்தம். ஒலிபெருக்கியில போட்டுட்டுத்தான் பேசுவார். நான் உருளைக்கிழங்கு உரிச்சிட்டே கேப்பேன். நான் வெர்னா. வெய்க்கோவோட வீட்டுக்காரி."

ஓடெட் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஆறு வருடம் ஒரு மனிதரோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். அந்த நீண்ட இடைவெளிகளுக்குள் ஒரு சமையலறை இருந்திருக்கிறது. கத்தியும் கிழங்குத் தோலும் இருந்திருக்கின்றன.

"ரொம்ப வருத்தமா இருக்கு," என்றாள் கடைசியில். "அவர் போனது."

"போகல. அங்கதான் இருக்கார்." வெர்னா தலையால் கிழக்கே காட்டினாள். "அவங்க தேடினாங்க. ஒரு வாரம். அப்புறம் தண்ணி உறைஞ்சிடுச்சு. வசந்தத்துல தேடலாம்னாங்க. வசந்தம் வந்ததும் விதி வந்துடுச்சு. மரக்குடாவுக்குள்ள யாரும் படகுல போகக்கூடாதாம். போலீஸ்காரன் கேட்டாலும் கம்பெனிதான் அனுமதி தரணும், ஏரி அவங்களோடது. என் புருஷன் என்னோடவர். அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கறது?"

அவர் மரக்குடாவில் மூழ்கினார் என்பது மின்னஞ்சலில் இல்லை. ஏரி என்று மட்டும் இருந்தது.

"நான் கணக்குப் பாக்கறவ, வெர்னா. எனக்கு இதுல எதுவும்…"

"தெரியும் பொண்ணே. ஆனா இங்க எல்லாரும் ஒரு மாசமா உன்னைப் பத்தித்தான் பேசறாங்க. நீ கையெழுத்துப் போடணும், நீ கையெழுத்துப் போடணும்னு. டேரலுக்குத் தூக்கமே இல்ல. அவங்க யார் பேச்சையாவது கேப்பாங்கன்னா அது உன்னோடதுதான். அந்தக் குடாவைத் திறக்கச் சொல்லு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

லாரிக்காரர்கள் யாரோ கோல் போட்டதற்கு முனகினார்கள். வெர்னா எழுந்து, மேசையை ஒருமுறை துடைத்தாள்.

"உன் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

"எந்தக் கேள்வி?"

"கடைசில கேப்பியே. வேற ஏதாவது இருக்கான்னு. போனை வெச்சதும் சொல்வார், 'இத்தனை வருஷத்துல என்கிட்ட இதைக் கேட்டது அந்தப் பொண்ணு ஒருத்திதான்'னு. மீனைச் சாப்பிடு, ஆறிடும்."

ஓடெட் சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை.

*

மறுநாள் காலையில், மரக்குடாவைக் காட்டுவதற்காக வெர்னா பனிவண்டியோடு வாசலில் நின்றாள். பனிக்கட்டிமேல் போகக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. விதி படகுக்குத்தான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. விழுந்தா திரும்பி வந்து எடுத்துப்பேன். ஆனா உடனே இல்ல."

ஏரி வெள்ளையாக நீண்டு கிடந்தது. வெகுதூரம் போனபிறகு மரங்கள் தெரிந்தன. பட்டையில்லாத, கிளையில்லாத சாம்பல் நிற மரங்கள், பனிக்கு மேல் ஆளுயரமும் இரண்டாள் உயரமும் நீட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் நின்றன. வெர்னா எந்திரத்தை அணைத்தாள். அப்போது வந்த அமைதி ஓடெட் இதுவரை கேட்டிராதது. எங்கோ அடியில் பனிக்கட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது. தூங்குகிற ஒருவர் புரண்டு படுப்பதைப்போல.

வெர்னா மண்டியிட்டு, கையுறையால் பனியைத் தள்ளினாள். அடியில் கண்ணாடிபோல் கருத்த பனிக்கட்டி. அதற்குள் வெள்ளை வட்டங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக, தட்டுகளை அடுக்கியதுபோல், கண்ணுக்கெட்டும் ஆழம்வரை. பக்கத்தில் தள்ளினாள். அங்கேயும். இன்னும் தள்ளினாள். எங்கே தள்ளினாலும் அடுக்கடுக்காக வெள்ளை.

கீழேயிருந்து வந்த குமிழிகள் உறைந்து நின்றுபோனவை. ஒவ்வொரு தட்டும் அடியிலிருந்து எழுந்த ஒரு மூச்சு. குளிர்காலம் முழுக்க நிற்காமல் வந்திருக்கிறது.

ஓடெட்டும் மண்டியிட்டாள். அவளுக்கு எண் போடத் தெரியும். ஒரு பார்வையிலேயே தெரிந்தது, சுவரில் குத்தியிருந்த எல்லாக் குண்டூசிகளையும் சேர்த்தாலும் இந்த ஒரு விரலுக்கு ஈடாகாமல் போகலாம் என்று. ஆனால் அந்த நேரத்தில் அவள் எண்ணை நினைக்கவில்லை. இத்தனை வருடமும் தொலைபேசியில் கேட்டது ஞாபகம் வந்தது. பதிலுக்கு முன்னால் கேட்கும் அந்த மூச்சு.

"சேத்துலேருந்து வர்ற வாயு இது," என்றாள் வெர்னா. "எனக்குத் தெரியும். இருபது வருஷம் அவரோட இருந்தேன். உன் முகத்தைப் பாத்தா, கிழவி இதைப் புருஷனோட மூச்சுன்னு நினைச்சுட்டு வந்து உக்காருதுன்னு நினைக்கற மாதிரி இருக்கு."

"அப்படி நினைக்கல."

"நினைச்சாலும் தப்பில்ல. வாயுதான். ஆனா அந்தச் சேத்துல யாரு படுத்திருக்கா?"

இருவரும் பனிக்கட்டிமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வந்து, தள்ளிவைத்த பனியை மறுபடி வட்டங்களின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. எழுந்திருக்கும்போது வெர்னா அதைத் துடைக்கவில்லை. மூடட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

முடிவுக் கூட்டம் மதியம். அறையில் ஓடெட்டும் டேரலும். சுவர்த்திரையில், தலைமை அலுவலகத்திலிருந்து லொரெய்ன் என்ற பெண். அறிக்கையைத் தயாரித்தவள், பின்னாலிருந்த கடிகாரத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். எல்லாம் வேகமாக நடந்தது. நீர் அளவு சரி. எரிபொருள் சரி. வாயு, அளந்த இடங்களில், சரி.

கடைசியில் ஓடெட் கேட்டாள். "நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

"எதுவும் இல்ல," என்றாள் லொரெய்ன். "ரொம்ப நன்றி, ரொம்ப நல்லபடியா…"

"நான் டேரலைக் கேட்டேன்."

டேரல் மேசையைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் ஓடெட் மடிக்கணினியை மூடிவிடுவாள். இன்று மூடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வெய்க்கோ காத்திருந்ததுபோல் காத்திருந்தாள். யாராவது ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்ற அந்தப் பதற்றம் அறைக்குள் வந்தது, நின்றது, தானாகவே தளர்ந்தது. அதற்குப் பிறகும் அவள் காத்திருந்தாள்.

"கேக்குதா உங்களுக்கு?" என்றாள் லொரெய்ன். "படம் நின்னுபோச்சுன்னு நினைக்கிறேன். ஹலோ?"

"படம் ஓடுது," என்றான் டேரல். "மரக்குடா இருக்கு. அதை நாங்க அளக்கல."

"டேரல், அது பாதுகாப்பு விதி, எழுத்துல இருக்கு, நாம பேசியாச்சு…"

"விதியை எழுதினவன் நான் தானே, லொரெய்ன். எனக்குத் தெரியாதா?" அவன் ஓடெட்டைப் பார்த்தான். "அன்னிக்கு நானும் வெய்க்கோவும் மீன் பிடிக்கப் போகல. தூண்டில் இருந்துச்சு. ஆனா படகுல வாளியும் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை, அவன் சொந்தப் படகு, நான் சும்மா கூடப் போனேன். மரத்துக்கு நடுவுல போட்டு அளக்கணும்னான். எதுக்குடா, கம்பெனி கேக்கலியேன்னேன். கம்பெனி கேக்காது, அந்தம்மா கேப்பாங்கன்னான்."

டேரல் தொப்பியைக் கையில் உருட்டியபடி தொடர்ந்தான்.

"'வருஷா வருஷம் கேக்கறாங்க, வேற ஏதாவது இருக்கான்னு. இருக்குன்னு சொல்லணும்னா கையில ஒரு எண்ணு வேணும். சும்மா நாக்கால சொன்னா அவங்க என்ன செய்வாங்க, பாவம்.' இப்படிச் சொன்னான். பாவம்னு சொன்னான் உங்களை." டேரல் சிரிக்க முயன்றான். "வாளியைப் போட்டோம். அடியிலேருந்து ஒரு மரம் பிடி விட்டு மேல வந்துச்சு. அது அப்படித்தான், ஐம்பது வருஷம் நிக்கும், ஒருநாள் விடும். படகைத் தூக்கி அடிச்சுது. நான் ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் பிடிக்கல."

திரையில் லொரெய்ன் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னொரு ஆளை அங்க அனுப்ப எனக்கு முடியல. அதான் விதி. வேற எந்தக் காரணமும் இல்ல. ஆனா அந்த விதியால நம்ம எண்ணு அழகாவே நிக்குதுன்னு எனக்குப் போன வருஷமே தெரியும். வெர்னா பரிமாறற விடுதில சாப்பிடறத விட்டுட்டேன். அவங்க முகத்தைப் பாக்க முடியல."

ஓடெட்டுக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. உங்கள்மேல் தப்பில்லை என்று. அல்லது என்மேல் என்று. எதுவும் அந்த அறைக்குப் பொருந்தவில்லை. ஒரு மனிதர் அவளுடைய கேள்வியை உண்மையான கேள்வி என்று நம்பியிருக்கிறார். அவளே நம்பாத கேள்வியை. அதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டு தண்ணீருக்குள் போயிருக்கிறார்.

"நன்றி, டேரல்," என்றாள்.

*

விமானத்துக்குக் காத்திருக்கும்போது டெஸ்மண்ட் பிரீசன் கூப்பிட்டார். லொரெய்ன் அதற்குள் அவரோடு பேசியிருந்தாள்.

"ஓடெட், முதல் வருஷமே ஊரைக் கொளுத்தணுமா?"

"நான் இன்னும் தீக்குச்சியே எடுக்கல."

"கேளு. அவங்க கொடுக்கற எண்ணு, அவங்க சொன்ன முறைல வந்துதான்னு பாக்கறதுதான் நம்ம வேலை. அதுக்கு மேல போனா நாம ஏரிக்கரையில வீடு கட்டிக்கிட்டு உக்காரணும்."

"முறைல 'ஏரி முழுக்க'ன்னு எழுதியிருக்கு, டெஸ்மண்ட். அவங்களே எழுதினது."

"நானும் படிச்சிருக்கேன். பத்து வருஷமா படிச்சிருக்கேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அப்ப என் கையெழுத்தெல்லாம் என்னாகும், அதையும் யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"பள்ளிக்கூடக் கூரைன்னு லொரெய்ன் ஏதோ சொன்னா."

"அதையும் யோசிச்சேன்."

"அப்புறமுமா?"

ஓடெட் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஓடுபாதையின் முடிவில் ஏரி ஆரம்பித்தது.

"எதுவும் எங்க கவனத்துக்கு வரலன்னு என்னால எழுத முடியாது. வந்துருச்சு."

அந்தப் பக்கம் டெஸ்மண்ட் எதுவும் பேசவில்லை. முன்பானால் அந்த இடைவெளியை அவள் அவசரப்பட்டு நிரப்பியிருப்பாள். இப்போது விட்டுவிட்டாள். "சரி," என்றார் அவர் ரொம்ப நேரம் கழித்து. அது சம்மதமா சோர்வா என்று அவளுக்குத் தெரியவில்லை. "உன் கையெழுத்து."

அறிக்கை வெளிவந்தபோது அவளுடைய வாக்கியம் நீளமாக இருந்தது. கிழக்கே ஒரு குடாவில் அளவெடுக்கப்படவில்லை. அதைச் சேர்க்காமல் மொத்த வாயுவின் அளவு நம்பத்தக்கதா என்று எங்களால் சொல்ல முடியாது. அதைத் தவிர மற்றவற்றில் எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை. கணினி நிலையம் ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்தது, குடாவை அளந்துவிட்டு வாருங்கள் என்று. நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. விதி மாறியது. பனி உருகியதும், அடிமரங்களைக் கண்டறியும் கருவியோடு இரண்டு படகுகளும் முங்குபவர்களும் மரக்குடாவுக்குள் போகலாம் என்றானது. டேரல் முதல் படகில் தானே போவதாகச் சொன்னானாம்.

ஓடெட்டின் காதுக்குள் கேட்ட மூச்சு நிற்கவில்லை. நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அது இப்போது கொஞ்சம் நெருங்கி வந்திருந்தது, அவ்வளவே. அவள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும், கேட்டது நிஜமாகத்தானா என்று அது காத்திருந்தது.

ஜூன் மாதம் ஒரு காலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். யாரும் பேசவில்லை. படகின் விளிம்பில் தண்ணீர் தட்டும் சத்தம். தூரத்தில் டேரல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்: "இடதுபக்கம்டா, இடது, எழுதற கை இல்ல, மத்த கை."

"நான்தான்," என்றாள் வெர்னா. "என்னையும் ஏத்திக்கிட்டாங்க. வேண்டாம்னு சொல்லிப் பாத்தாங்க. வாளியைப் போட்டாச்சு. நான்தான் போட்டேன். போட்டதும் உள்ள கொதிக்கற மாதிரி சத்தம், அவ்வளவு வருது."

"அவர்…"

"இன்னும் இல்ல. ரெண்டு பேர் கீழ போயிருக்காங்க. அவரோட பழைய வாளி கிடைச்சுது. ஒரு மரத்துக்கு அடியில கவுந்தே இருந்துச்சாம், போட்ட மாதிரியே."

தண்ணீர் தட்டியது. ஒரு பறவை கத்திவிட்டு நிறுத்தியது.

"சரி," என்றாள் வெர்னா. "நீ வேற ஏதாவது கேக்கணுமா?"

ஓடெட் கண்ணை மூடிக்கொண்டாள். மேசையில் அடுத்த நிறுவனத்தின் அறிக்கை காத்திருந்தது. கதவுக்கு வெளியே யாரோ அவளைத் தேடி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்க எதுவும் இல்ல, வெர்னா. ஆனா போனை வெச்சிடாதீங்க."

"வெக்கல," என்றாள் வெர்னா. தொலைபேசியைப் படகின் பலகைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.